ஆன்டிபாடி ரிப்போர்ட்டை நம்பும் முன்

உடலின் நோய் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கி வீங்க வைக்கும் ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் சந்தேகத்தில் ரத்தம் மட்டும் எடுத்து அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மூளை நரம்புச் செல்களில் உள்ள என்எம்டிஏ ரிசெப்டர் என்ற புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடிக்கு முதுகுத்தண்டு நீர்தான் முக்கியம். அதில் பாசிட்டிவாக இருப்பவர்களில் சுமார் ஏழில் ஒருவருக்கு ரத்தம் நெகட்டிவாக வரலாம். எல்ஜிஐ1 என்ற இன்னொரு மூளைப் புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடிக்கு நேர் எதிர், ரத்தத்தில்தான் எளிதில் சிக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே எடுங்கள், அதுவும் ஐவிஐஜி ஏற்றும் முன். பல ஆயிரம் பேரின் ஆன்டிபாடி கலந்த மருந்து அது. ஏற்றிய பிறகு ஜிஏடி65 போன்ற வேறு ஆன்டிபாடிகள் பொய்யாகத் தலைகாட்டும்.

லேபில் வளர்க்கும் ஹெச்இகே293 என்ற மனித செல்களுக்குள் ரிசெப்டரின் மரபணுவைச் செலுத்தி, அந்தப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறார்கள். அதன் மேல் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) வழக்கமாக 1:10 நீர்த்தும், முதுகுத்தண்டு நீரை நீர்க்காமலும் விடுவார்கள். கழுவிவிட்டு, நோயாளியின் ஆன்டிபாடியில் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் கோத்த இரண்டாம் ஆன்டிபாடியை விடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் பச்சையாக மினுங்கினால் பாசிட்டிவ். ஆனால் பக்கத்திலேயே மரபணு செலுத்தாத செல்களும் இருக்கும். அவையும் அதே அளவு மினுங்கினால் அது வெறும் பின்னணி ஒளி. மங்கலான பச்சையில்தான் படிப்பவருக்குப் படிப்பவர் முடிவு மாறுகிறது. அப்போது எலி மூளைத் துண்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்எம்டிஏ என்றால் நினைவாற்றலுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி ஒளிர வேண்டும்.

பல ஆன்டிபாடிகளை ஒரே பட்டைத் தாளில் பார்க்கும் லைன் பிளாட் டெஸ்ட்டில், புற்றுநோயோடு தொடர்புடைய 'யோ' ஆன்டிபாடியின் பட்டை மங்கலாகத் தெரிந்தால் உடனே புற்றுநோய் தேட ஓட வேண்டாம். திசுவில் உறுதியாகாத பட்டைகள் பெரும்பாலும் பொய். எல்ஜிஐ1, காஸ்பர்2 போன்ற புரதங்களை மொத்தமாகப் பார்க்கும் விஜிகேசி டெஸ்ட் பாசிட்டிவ், தனித்தனியாகப் பார்த்தால் எல்ஜிஐ1-ம் காஸ்பர்2-ம் நெகட்டிவ் என்றால் அந்த ரிப்போர்ட்டை வைத்து ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது. அந்தப் பழைய விஜிகேசி டெஸ்ட்டை ஏன் இன்னும் கேட்கிறார்களோ!