பெம்ப்ரோலிசுமாப் ஏற்றத் தொடங்கிய பிறகு எதைக் கவனிக்கிறோம்

பெம்ப்ரோலிசுமாப் ஒரு புற்றுநோய் இம்யூனோதெரபி மருந்து, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுவது. எதிர்ப்பு சக்தியின் போராளி அணுவான டி செல்லின் மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறது. புற்றுசெல் பிடி-எல்1 புரதத்தை நீட்டி அதை அழுத்திக்கொண்டே இருக்கும். இந்த மருந்து பிடி-1ஐ மூடி அந்த அழுத்தத்தை விலக்குகிறது. புற்றைக் கொல்வது டி செல்தான். கட்டவிழ்ந்த அதே டி செல் குடல், நுரையீரல், தைராய்டு என்று எங்கும் பாயலாம்.

ஏற்றுவதில் பெரிய சிரமமில்லை. 200 மி.கி. 3 வாரத்துக்கு ஒருமுறை, அல்லது 400 மி.கி. 6 வாரத்துக்கு ஒருமுறை. ஃபில்டர் உள்ள குழாயில் 30 நிமிடம். குப்பியைக் குலுக்கக் கூடாது. முதல் டோஸுக்கு முன்பே தைராய்டு, கல்லீரல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சர்க்கரை, அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் (காலைநேர அளவு) எல்லாம் பார்த்து வைக்கிறோம். பழைய அளவு கையில் இல்லையென்றால், பின்னால் ஏறியதை மருந்தின் மேல் போடுவதா வேண்டாமா என்றே தெரியாது.

சிக்கல் வீட்டில்தான் தொடங்கும். "பேதி இருக்கா?" என்று கேட்டால் "லேசாத்தான்" என்பார்கள். அதனால், "வழக்கமா எத்தனை தடவை போவீங்க, நேத்து எத்தனை தடவை?" என்று கேட்கிறோம். வழக்கத்தைவிட 4 முதல் 6 தடவை கூடினால் அடுத்த டோஸை நிறுத்திவைத்து, தொற்று உண்டா என்று மலத்தைச் சோதித்து, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வரை. 7 அல்லது அதற்கு மேல் கூடினால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அட்மிட் செய்து கிலோவுக்கு 1–2 மி.கி. கணக்கில் நரம்பு வழி ஸ்டீராய்டு. 3 நாளில் தணியாவிட்டால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பேதியை நிறுத்தும் லோபரமைடு மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்பது ஆபத்தான யோசனை: எண்ணிக்கை குறையும், குடல் புண் உள்ளே முற்றும்.

அதைவிட அதிகம் நடக்கும் தவறு, ஒரே வாரத்தில் சரியாகிவிட்டதென்று ஸ்டீராய்டை நிறுத்துவது. 4 முதல் 6 வாரம் படிப்படியாகக் குறைக்காவிட்டால் பேதி திரும்ப வரும்.

சோர்வு என்றால், தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் டிஎஸ்ஹெச்சை மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். டிஎஸ்ஹெச், தைராய்டு ஹார்மோனான டி4 இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் பிட்யூட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். கார்டிசால் குறைந்திருந்தால் அதை ஈடுகட்டும் ஹைட்ரோகார்டிசோன்தான் முதலில், தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் பிறகு. வரிசை மாறினால் அட்ரீனல் நெருக்கடி வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கடைசி டோஸ் முடிந்து பல மாதம் கழித்தும் இந்தப் பக்கவிளைவுகள் வரலாம். இந்த மருந்து எடுப்பதைச் சொல்லும் இம்யூனோதெரபி அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொல்கிறோம். அவசரப் பிரிவில் "கீமோ எடுக்கிறார்" என்று சொல்லிவிட்டால், மருத்துவர் வெள்ளணுக் குறைவையும் தொற்றையும் தேடத் தொடங்கிவிடுவார், ஸ்டீராய்டு தாமதமாகும்.