கண்மாய்க்குள் இறங்கிய விமானம்

மதுரைக்குத் தெற்கே பல ஊர்ச் சாவடிகளில் இந்தப் பேச்சு உண்டு. “யுத்தக் காலத்துல எங்க ஊர்லயும் ஒரு ஜப்பான்காரன் பிளேன் விழுந்துச்சு தம்பி.” நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த கிறுக்கு இதுதான். அப்படிச் சொல்பவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்பது, கேட்டதில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பது.

ஜப்பான் விமானம் என்பது பெரும்பாலும் நிற்காது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பிலும் 9ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். இடையில் 6ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. அந்த மாதம் சென்னையே பாதி காலியானது. மதுரைப் பக்கம் பறந்ததெல்லாம் வெள்ளைக்காரன் விமானங்கள். இப்போதைய மதுரை விமான நிலையமே 1942இல் போருக்காகப் போட்ட தளம்தான். ஆனால் ‘ஜப்பான்’ என்று சொன்னதற்காக ஒரு சாட்சியத்தை நான் ஒதுக்குவதில்லை. ஊரே ஜப்பான்காரன் வருகிறான் என்று நடுங்கிய காலத்தில், வானத்திலிருந்து விழுந்ததற்குச் சிறுபிள்ளை வேறு என்ன பெயர் வைக்கும்? பெயர் பின்னால் ஒட்டிக்கொள்வது. கண்ணும் மூக்கும் பிடித்து வைத்தது வேறு.

கள்ளிக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் மெட்டல் டிடெக்டரோடு ஆள் வந்துவிடும். அங்கே முதலில் எனக்குக் கிடைத்தது டீக்கடைச் சாட்சியம். மூன்று பேர், மூவரும் “நெருப்புப் பிழம்பா வந்து விழுந்துச்சு” என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். வரப்புத் தகராறுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் ஒரே சொல்லில் சாட்சி சொன்னால் அது மூன்று சாட்சி இல்லை, ஒன்றுதான். விசாரித்தால் மூவரில் ஒருவர் மட்டுமே அன்றைக்கு ஊரில் இருந்தவர். அவரும் தொட்டிலில் இருந்திருக்கிறார்.

உண்மையில் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்றைக்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், நான் பேசிய சில மாதங்களில் காலமாகிவிட்டார். இன்னொருவர் தொண்ணூறை நெருங்கும் ஒரு அப்பத்தா. பெரியவர் “கண்மாய்க்குள்ள” என்றார். அப்பத்தாவோ “கோயில் காட்டுக்கு இங்கிட்டு” என்றார். புலப்படத்தில் இரண்டும் வேறு வேறு இடம். சரி என்று இருவரையும் தனித்தனி நாளில் கூட்டிப்போய், “அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்களோ அங்க போய் நில்லுங்க” என்றேன். இது தொழிலில் கற்றது. எல்லைக்கல் எங்கே இருந்தது என்று கேட்டால் ஆள் உளறுவான், உழுது திரும்பிய இடத்தில் நிறுத்தினால் கை தானாக நீளும். இரண்டு பேர் கையும் கண்மாயின் மேற்குப் பக்க நீர்ப்பிடிப்பைத்தான் காட்டியது. அப்பத்தா சொன்ன கோயில் காடு, அவர் நின்ற களத்து மேட்டிலிருந்து பார்த்தால் அதே திசையில் பின்னால் தெரிகிறது.

அப்புறம் நேரம். பெரியவர் “பத்து மணி வெயில்” என்றார். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் மகனோ தன் அப்பா பதினொரு மணி என்று சொன்னதாகச் சொன்னார். ஒரு மணி நேர வித்தியாசம் என்னைக் கொஞ்ச நாள் படுத்தியது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஸ்டேஷன் கடிகாரத்துக்குப் பதினொன்று, ஆட்டுக்காரருக்குப் பத்து. முரண்பட்ட இரண்டு பேரும் சரி. அதோடு சம்பவம் அந்த மூன்று வருஷத்துக்குள் அடங்கிவிட்டது.

வருஷத்தை இன்னும் இறுக்கிக் கொடுத்தது அப்பத்தாதான். “எந் தம்பிக்குப் பேரு விட்ட அன்னைக்கு மறுநா” என்றார். தம்பியின் ஜாதகம் வீட்டில் இருந்தது. மஞ்சள் தடவிய நோட்டு, ஓரமெல்லாம் செல்லரித்தது. சுபானு வருஷம், மாசி மாதம். அதாவது 1944 பிப்ரவரி, மார்ச். கண்மாய் வற்றத் தொடங்கும் காலம். சாட்சியின் ஞாபகத்தை நம்பச் சொல்லவில்லை, ஜோசியர் அன்றே எழுதியதை நம்பச் சொல்கிறேன்.

இனி நான் மிகவும் ரசித்த இடம். அப்பத்தா சொன்னார்: “பின்னால வால் பக்கமெல்லாம் துணிப்பா. கிழிஞ்சு தொங்குச்சு. கிட்டப் போனா வார்னிசு நெடி.” பக்கத்திலிருந்த பேரன் சிரித்தான். “பிளேன் துணியிலயா செய்வாங்க, அப்பத்தா?” கிழவிக்கு ரோசம் வந்துவிட்டது. “நான் தொட்டுப் பாத்தேன்டா.”

அவர் சொன்னது சரி. ஹரிகேன் போர் விமானத்தின் உடலில் பின்பாதி, எஃகுக் குழாய்க்கும் மரச் சட்டங்களுக்கும் மேல் துணி போர்த்தி, விறைப்பாக நிற்க வார்னிசு மாதிரி ஒரு மருந்து பூசியது. மற்றப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயருக்கும் பிறகு வந்த தண்டர்போல்ட்டுக்கும் உடல் உலோகம். கதை கட்டுகிறவர் இரும்பு என்றுதான் கட்டுவார், துணி என்று கட்டமாட்டார். கேட்பவர் சிரிக்கிற விவரத்தை விடாமல் சொல்லும் சாட்சியை நான் கூடுதலாக நம்புகிறேன். ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பயிற்சிக்கு ஓட்டிய டைகர் மாத்தும் துணி விமானம்தான். ஆனால் அதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இறக்கை, இரண்டு இருக்கை. எத்தனை இறக்கை என்று நான் வாயெடுக்கவில்லை. சிலேட்டைக் கொடுத்து வரையச் சொன்னேன். பக்கத்துக்கு ஒரே இறக்கைதான் போட்டார். அதன் மேல் ஒரு வட்டம், “நீலம், நடுவுல வெள்ளை.” அதுவும் பொருந்துகிறது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாதென்று 1942, 43 வாக்கில் இந்தப் பக்கத்து விமானங்களில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள்.

மூக்கில் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) மரச் செதிலாக முறிந்து கிடந்தது என்று ஆட்டுக்காரர் சொன்னதும் ஒத்துப்போகிறது. சில ஹரிகேன்களுக்கு மர விசிறி. உலோகமென்றால் வயிற்றால் இறங்கும்போது முறியாமல் மடங்கும். தீப்பிழம்புக் கதைக்கும் இங்கேயே முடிவு, எரிந்திருந்தால் துணி தொங்கியிருக்காது. விமானிக்கு ஊர்க்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் ஓரமாக வைத்திருக்கிறேன். நான் கேட்ட கதைகளில் இளநீர் குடிக்காத விமானி ஒருவர்கூட இல்லை.

மிச்சம் காகித வேலை. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் விமானப் படைப்பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகளும், ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்தில் விபத்து அட்டைகளும் இருக்கின்றன. அவற்றில் நம் சிற்றூர்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது. விமானத் தளத்திலிருந்து இன்ன திசை, இத்தனை மைல் என்று தேட வேண்டும், மதுரையையும் ‘மதுரா’ என்றே எழுதியிருப்பார்கள். எங்கள் கண்மாய் தளத்துக்குத் தென்மேற்கே பன்னிரண்டு, பதின்மூன்று மைல். 1944இன் அந்த இரண்டு மாதப் பக்கங்களைப் படைப்பிரிவு வாரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருமங்கலம், கள்ளிக்குடி, காரியாபட்டிப் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது விமானத் தகடு என்று ஏதாவது கிடந்தால் ஒரு வேண்டுகோள். பளபளப்பாக்கிப் போட்டோ எடுக்கிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உதிரிபாக எண்ணும் தொழிற்சாலைச் சோதகரின் முத்திரையும் மேல் பூச்சில்தான் மையால் இருக்கும், முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.