கேஸ் இருக்குண்ணே

மலேசியாவில், கெடா மாநிலத்தின் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. விண்ணப்பப் பாரத்தில் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடிவு எல்லாம் பையன்கள் மளமளவென்று எழுதிவிடுவார்கள். "நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா?" என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். "கேஸ் இருக்குண்ணே, அப்புறம் வரேன்" என்று எழுந்து போவான். திரும்பி வரமாட்டான்.

அப்படிப் போனவர்களில் பலருக்குத் தீர்ப்பு என்று ஒன்றே கிடையாது.

கோயில் திருவிழாக் கைகலப்பில் பிடிபட்ட ஒரு பையனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"கோர்ட்டுல சார்ஜ் வாசிச்சாங்களா? குத்தத்த ஒத்துக்கிறியான்னு கேட்டாங்களா?"

"இல்லண்ணே. நாலு நாள் ரிமாண்ட் குடுத்தாங்க. அப்புறம் போலீஸ் ஜாமீன்ல விட்டுட்டாங்க."

அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. இதற்காகவே ஒரு தொழிற்சாலைப் பக்கமும் போகாமல் கார் கழுவும் கடையில் கிடந்திருக்கிறான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க போலீசுக்கு மாஜிஸ்திரேட்டின் ரிமாண்ட் உத்தரவு வேண்டும். அதற்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஊதா நிற லோக்காப் சட்டை, கைவிலங்கு, வாசலில் அழுகிற அம்மா. இதையெல்லாம் பார்த்தபின், அது விசாரணைக்கு நாள் கேட்டது மட்டும்தான் என்று குடும்பத்துக்கு யார் சொல்வது? நான் சொன்னது ஒன்றுதான்: பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) விசாரணை அதிகாரியைப் பார்த்து, கோப்பு மூடியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு வா.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. சிறுநீர்ச் சோதனையில் சிக்கி, கோர்ட்டில் அபராதம் கட்டி வந்தவர்கள். வீட்டில் இதை ரோட்டு சம்மன் கட்டியது போலத்தான் நினைக்கிறார்கள். காசு கட்டியாச்சு, முடிஞ்சது. ஆனால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை என்கிறது. தண்டனைக்குப் பின் 2 முதல் 3 ஆண்டு கண்காணிப்பும் உண்டு. குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் அது தீர்ப்புதான். இவர்கள் சற்றும் தயங்காமல் "இல்லை" என்று எழுதுகிறார்கள். வேலை நிரந்தரமான பிறகு தெரியவந்தால், பழைய கேஸை விட பாரத்தில் எழுதிய பொய்தான் பெரிதாகிவிடுகிறது.

நன்னடத்தைப் பிணை, அதாவது ஒழுங்காக இருப்பேன் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுக்கும் பாண்ட், வாங்கியவர்கள் கதை இன்னும் சிக்கல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில் விட்டிருந்தால் தீர்ப்புப் பதிவாவதில்லை. 294ஆவது பிரிவு என்றால் தீர்ப்பான பிறகு கிடைத்த பிணை. பையனிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்: "பாண்ட் போட்டாங்கண்ணே." 18 வயதுக்குக் கீழே நடந்ததென்றால் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வருகிறது. அதுவும் வேறு கணக்கு.

ஆக, காகிதம் வேண்டும். ஓர் அக்கா மகனுக்காக ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதிக் கொடுத்த பழைய கடிதம், நடுவில் எழுத்து மங்கிய அபராத ரசீது. தூக்கிப் போடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். அதிலிருந்த கேஸ் எண்ணை வைத்துத்தான் கோர்ட் பதிவகத்தில் கேட்கவே முடிந்தது.

தொழிற்சாலைகள் நினைத்த மாத்திரத்தில் போலீஸ் பதிவைத் திறந்து பார்த்துவிட முடியாது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் பற்றிய விவரம் கூடுதல் பாதுகாப்புள்ள அந்தரங்கத் தரவு. பொதுவாக ஆளின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத் தாளைத்தான் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். காவலாளி வேலையும் இ-ஹெய்லிங்கும் (ஆப் வழி வாடகைக் கார் ஓட்டுவது) வேறு. அங்கே போலீஸ் தணிக்கை கட்டாயம்.

பெயரை கிளியர் பண்ணித் தருகிறேன் என்று காசு வாங்கும் ஆட்களை நம்பவே வேண்டாம். இத்தனை ஆண்டு கழிந்தால் தீர்ப்பு தானாக அழியும் என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. விஸ்மா புத்ரா (வெளியுறவு அமைச்சு) கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ் வெளிநாடு போகிறவர்களுக்கானது. அதற்கும் 20 வெள்ளிதான்.

அந்த அக்காவின் மகன் பாரத்தில் "உண்டு" என்று எழுதினான். எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, அபராதம் கட்டியது, கண்காணிப்பு முடிந்தது என்று நாலு வரி எழுதி நகலோடு இணைத்தோம். இரண்டு தொழிற்சாலைக்கு அனுப்பினேன். ஒன்றில் படித்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். "உண்டு" என்று பார்த்ததும் ஒதுக்கிவிடும் அந்தச் சோம்பேறித்தனம் எனக்குப் பழக்கம்தான். மற்றதிலிருந்து மேலாளர் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "நைட் ஷிஃப்ட் செய்வானா?"