காலியிடம் என்று எழுதிய அட்டவணை

நாடாளுமன்றங்களையும் பிரதிநிதித்துவ ஜனநாயகத்தையும் ஆராய்வதே என் படிப்பாகவும் பிழைப்பாகவும் இருந்தது. மதுரையில் 26 ஆண்டுகள் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பின், அண்மையில் என் பழைய ஆய்வேட்டைப் புரட்டியபோது ஓர் அட்டவணையைத் தாண்ட முடியவில்லை. மதுரை மாவட்டத்தில், உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளுக்கு எதிரே, தலைவர் பெயர் வரவேண்டிய கட்டத்தில், 'காலியிடம்' என்று போட்டிருந்தேன்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் சில முறை வேட்புமனுவே வராது; சில முறை யாரேனும் ஒருவர் நிறுத்தப்பட்டு, வென்று, பதவியேற்ற கையோடு விலகிவிடுவார். விலகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாவட்டத்து மேலவளவு கண்முன் இருந்தது. அவ்வூர்த் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, பட்டப்பகலில், பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

விலகல் கடிதம் எனக்குப் புதிய பொருளும் அன்று. உறுப்பினர் தாமாக முன்வந்து, உண்மையாகவே விலகுகிறாரா என்று விசாரித்து, அப்படியில்லை எனில் அவைத்தலைவர் அக்கடிதத்தை ஏற்கக் கூடாது என்று 1974-இல் அரசமைப்பின் 33-ஆவது திருத்தம் விதித்தது; குஜராத்தில் சட்டமன்ற உறுப்பினர்களை மிரட்டிக் கடிதம் வாங்கியதன் விளைவு அது. இதை ஆண்டுதோறும் வகுப்பில் விரிவாகவே நடத்தினேன். உசிலம்பட்டிப் பக்கம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

ஒருமுறை அரப்பாளையத்தில் பேருந்து ஏறி, அந்த வட்டாரத்தில் ஓர் ஊருக்குப் போனேன். சில நாட்களே தலைவராக இருந்த பெரியவர், வரப்பில் குந்தியபடி, ஆடுகள் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பேசினார். கடிதத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எழுதிக் கொண்டாந்தாங்க சார். நான் கைநாட்டு வச்சேன்."

குறிப்பேட்டில் பதிந்தேன், ஆனால் ஆவணச் சான்று இல்லை என்று ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. அன்றைக்கு அதை ஆய்வு ஒழுக்கம் என்றே நம்பினேன்.

2006 அக்டோபரில் அந்த ஊராட்சிகளில் முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அதற்கு வெகு முன்பே எனக்கு முனைவர் பட்டம் வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வில் அந்த அட்டவணையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.