லிம்போசைட் என்று எழுதிய நாள்

பரிசோதனைக்கூட வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். தண்டுவட நீர் மாதிரி ஒன்றில் அணுக்களை எண்ணினேன். உருண்டை உருண்டையாக நிறைய இருந்தன. லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பின்னால் நின்ற சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது, அதுல ஒண்ணு மொட்டு விட்டிருக்கே. லிம்போசைட் மொட்டு விடுமா? இந்தியா இங்க் போட்டுப் பாரு" என்றார்.

போட்டேன். கறுப்பு மைக்கு நடுவில் ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் வெள்ளை வளையம். கிரிப்டோகாக்கஸ்! புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சை. நாம் பலரும் சுவாசித்திருப்போம், ஒன்றும் ஆகியிருக்காது. அது மூளை வரை போயிருக்கிறது என்றால் வழியில் காவல் இல்லை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். எச்ஐவி சோதனை பாசிட்டிவ். அந்தக் காவலின் முக்கிய அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 100-க்கும் கீழே. நான் எழுதியது அப்படியே போயிருந்தால்? அந்த ரிப்போர்ட்டை நான்தான் கிழித்துப் போட்டேன்.

பூஞ்சை மட்டுமல்ல, சில புற்றுநோய்களும் இப்படித்தான், எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தலைகாட்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் தோல் பயாப்சி (சோதனைக்கு வெட்டியெடுத்த துணுக்கு) வந்தது. படிவத்தில் 'கன்றிய காயமா?' என்று எழுதியிருந்தார்கள். ஸ்லைடில் கதிர் வடிவச் செல்கள், இடையிடையே கீறல் போன்ற இடுக்குகள், அவற்றில் ரத்த அணுக்கள். கபோசி சார்கோமா என்ற புற்றுநோய். 1872-இல் வயதானவர்களிடம் கண்டு எழுதப்பட்ட அரிய நோய். அதன் பின்னால் ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸ் இருப்பது தெரிந்தது 1994-இல்தான். கீமோ கொடுப்பார்கள் என்று நினைத்தேன். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைத்து, சிரோலிமஸ் என்ற அதே வகை வேறு மருந்துக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். சில மாதங்களில் திட்டுகள் மங்கின. சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடுமோ என்ற பயம் மட்டும் கூடவே இருந்தது.

1981-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், நியூமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்குத் தரும் பென்டமிடின் என்ற அபூர்வ மருந்து கேட்டு வழக்கத்துக்கு மாறாகக் கோரிக்கைகள் வருவதைக் கவனித்தவர் மருந்தை அனுப்பிவைக்கும் ஊழியர் சாண்ட்ரா ஃபோர்டு. அந்த ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா என்ற அறிக்கை வந்தது. அடுத்த மாதமே 26 கபோசி நோயாளிகள். எய்ட்ஸ் என்ற பெயர்கூட அப்போது கிடையாது. எங்களைப் போல ஒரு மூலையில் உட்கார்ந்து படிவம் பார்ப்பவர் என்பதால் எனக்கு சாண்ட்ரா மேல் தனிப் பிரியம்.

நியூமோசிஸ்டிஸும் ஒரு வேடிக்கையான ஆசாமி. அதை ஒட்டுண்ணி என்றே நினைத்திருந்தார்கள். 1988-இல் மரபணு ஆய்வு அது பூஞ்சை என்றது. ஆனால் மற்ற பூஞ்சைகளின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு அதனிடம் இல்லாததால் வழக்கமான பூஞ்சை மருந்துகள் எடுபடாது, கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்தான். கூடத்தில் கிருமி வளர்க்கும் சாதாரண கல்ச்சரிலும் வளராது. வெள்ளிச் சாயத்தில் நசுங்கிய பந்து மாதிரி தெரியும், தேடினால்.

தேடவேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டுமே. படிவத்தில் 'நோயாளி விவரம்' கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் வருகிறது. ஸ்டீராய்டு எடுக்கிறாரா, மாற்று உறுப்பு உண்டா, எச்ஐவி பார்த்தாயிற்றா? இப்போதெல்லாம் ஸ்லைடை வைப்பதற்கு முன் வார்டுக்குப் போன் போட்டுவிடுகிறேன். திட்டு வாங்கும் நாட்களும் உண்டு.