நியூட்ரான் சிதறல் தரவு: பகுப்பாய்வு நாட்குறிப்பு

பிப்ரவரி 3

மாதிரியில் பட்டுச் சிதறும் நியூட்ரான்கள் உணரியை அடையும் நேரத்தை அளக்கும் பறப்பு நேர நிறமாலைமானி, ஆற்றலை நேரடியாகத் தருவதில்லை. எந்த உணரியில் எந்தக் கணத்தில் ஒரு நியூட்ரான் விழுந்தது என்ற பதிவை மட்டுமே தருகிறது. அந்தப் பதிவை ஆற்றல் பரிமாற்றமாகவும் உந்தப் பரிமாற்றமாகவும் மாற்றுவதற்கு மான்டிட் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். 2007இல் பிரிட்டனின் ஐசிஸ் நியூட்ரான் ஆய்வு மையத்தில் தொடங்கி, பின்னர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகமும் கைகோத்த இந்தத் திறமூல மென்பொருளின் உள்ளகம் சி++ மொழியில் அமைந்திருந்தாலும், அன்றாட வேலையைப் பைத்தானிலேயே முடித்துவிடலாம். தரவின் மீது செய்த ஒவ்வொரு செயலையும் அது வரலாறாகச் சேமித்து வைப்பதே எனக்கு அதில் மிகவும் பிடித்தது.

பிப்ரவரி 4

வனேடியம் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழச் சீராகச் சிதறடிப்பதால், அதன் அளவீட்டைக் கொண்டு உணரிகளின் திறன் வேறுபாட்டைச் சமன்செய்தேன். மாதிரி வைக்காத காலிக் கலத்தின் பின்னணியையும் கழித்தாயிற்று. படுகற்றையின் (மாதிரியின் மேல் விழும் நியூட்ரான் கற்றையின்) ஆற்றல் 30 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 2,400 மீட்டர் வேகம். குறிப்பிட்ட வேகமுள்ள நியூட்ரான்களை மட்டும் கடக்கவிடும் சுழல்கருவியான சாப்பருக்குக் கொடுத்த எண்ணை அப்படியே நம்பாமல், இரண்டு கண்காணிப்பு உணரிகளை நியூட்ரான்கள் கடக்கும் நேர வித்தியாசத்திலிருந்து அதைக் கணக்கிடுவதே முறை.

பிப்ரவரி 6

பொடி மாதிரியின் 100 கெல்வின் தரவை இன்று சோதித்தேன். வெப்பச் சமநிலை விதிப்படி, 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பரிமாற்றத்தில், நியூட்ரான் ஆற்றல் பெறும் பக்கத்தின் செறிவு இழக்கும் பக்கத்தின் செறிவைப் போல் 0.31 மடங்கு இருக்க வேண்டும். 0.44 வந்தால், சிதறலுக்கு முந்தைய, பிந்தைய அலைஎண்களின் (இவை நியூட்ரானின் உந்தத்துக்கு நேர்விகிதமானவை) விகிதத்துக்கான திருத்தம் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கழிக்கப்படாத தட்டையான பின்னணி எஞ்சியிருந்தாலும், இரு பக்கமும் ஒரே அளவு கூடுவதால், விகிதம் உயரும். எத்தனை அழகான வரைபடமாக இருந்தாலும், இந்தச் சோதனையைத் தாண்டாத தரவில் வளைகோட்டைப் பொருத்துவது வீண் வேலை என்றே நினைக்கிறேன்.

பிப்ரவரி 7

நியூட்ரானின் ஆற்றல் மிகச் சிறிதளவே மாறும் பகுதி மீட்சிச் சிதறலுக்கு அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய டேவ் மென்பொருளைச் சிலர் விரும்புகிறார்கள். நிரல் எழுதாமலே லாரன்ட்சியன் என்னும் நீண்ட வால் கொண்ட முகட்டு வளைகோட்டைப் பொருத்த அது வசதியானதுதான். என் வேலைக்குத் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 10

ஒற்றைப் படிகத்தைச் சிறுசிறு கோணங்களாகத் திருப்பி எடுத்த தரவுகளை ஹொரேஸ் மென்பொருள் ஒரே நான்கு பரிமாணக் (மூன்று உந்தத் திசைகள், ஓர் ஆற்றல்) கோப்பாக இணைத்துத் தருகிறது. பிறகு விரும்பிய திசையில் வெட்டிப் பார்க்கலாம். வெட்டின் அகலத்தைக் கூட்டினால் எண்ணிக்கைப் பிழை குறையும், ஆனால் செங்குத்தாக ஏறும் சுழல் அலைக் (அணுக்களின் காந்தத் தற்சுழற்சிகளில் பரவும் அலை) கிளை பரந்து, ஆற்றல் அகலம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். ஆகவே சுழல் அலைகளைக் கணக்கிடும் ஸ்பின்டபிள்யூ மென்பொருளில் கணிக்கும் கோட்பாட்டு மாதிரியையும் நடுக்கோட்டில் மட்டும் கணிக்காமல், அதே அகலம் முழுவதற்கும் சராசரி எடுத்த பிறகே ஒப்பிடப் போகிறேன்.