எலுமிச்சையில் தொடங்குங்கள்: சிங்கப்பூரில் பெரு நாட்டுச் சாப்பாடு

பெருவில் மீனுக்குப் பிழியும் எலுமிச்சையும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் குவித்து விற்கும் சின்ன எலுமிச்சையும் ஒரே இனம். ஊரைவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தவர்கள் பெரு சாப்பாட்டைத் தயங்காமல் தொட்டுப் பார்க்க இந்த ஒரு காரணமே போதும். புளிப்பு, காரம், பச்சை வெங்காயம், மல்லித்தழை: நாக்குக்குப் பழகியவைதான். பச்சை மீன் என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். அங்கேதான் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பெரு உணவகங்கள் மிகக் குறைவு. முதலில் சொல்ல வேண்டியது டெம்ப்சி ஹில்லில் உள்ள கான்சித்தா. வறுத்த மக்காச்சோளத்துக்குப் பெருவில் சொல்லும் பெயர் அது. பக்கத்து எம்ஆர்டி நிலையம் நேப்பியர். அங்கிருந்து நடை கொஞ்சம் தூரம், மேடும் உண்டு. பெரியவர்களை அழைத்துப் போனால் ஹாலந்து ரோட்டில் போகும் 7 அல்லது 106 பேருந்தில் போவது சுலபம். இன்னொரு வழி ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலில் உள்ள நோபு. அது ஜப்பானிய உணவகம்தான். ஆனால் அதைத் தொடங்கிய நோபு மட்சுஹிசா 1970களில் பெருவின் தலைநகர் லீமாவில் சமைத்தவர், அதனால் மெல்லிய மீன் சீவலில் செய்யும் திராதித்தோ அங்கே கிடைக்கும். இந்த ஊரில் உணவகங்கள் இடம் மாறுவதும் மூடுவதும் சகஜம். போன் செய்து மேசை பிடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். புதிதாக வந்தவர்கள் வரியை மட்டும் கூட்டிப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். 38 வெள்ளி என்றால் 10 சதவீதச் சேவைக் கட்டணத்தோடு 41.80 ஆகும். அந்தத் தொகைக்கு மேல்தான் 9 சதவீதப் பொருள் சேவை வரி விழும். கையில் வரும் ரசீது 45.56 வெள்ளி.

முதலில் செவிச்சே சொல்லுங்கள், எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன் அது. ஒரு பெரு சமையலறையின் தரம் அதில் தெரிந்துவிடும். மீன் துண்டின் ஓரம் வெளுத்து, நடுப்பகுதி கண்ணாடிபோல் இருக்க வேண்டும். உள்வரை வெள்ளையாகி, கடித்தால் ரப்பர் மாதிரி இருந்தால் நேரத்தோடு ஊறவைத்துக் காத்திருந்தது என்று பொருள். முன்பு பெருவிலும் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். 1899 முதல் அங்கே குடியேறிய ஜப்பானியர்களின் கைப்பழக்கம் அதைச் சில நிமிடங்களாகக் குறைத்தது. 2023இல் யுனெஸ்கோ செவிச்சேயை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்து, மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு பெயர்கள். கம்பியில் கோத்துச் சுடும் அந்திகூச்சோ வழக்கமாக மாட்டு இதயத்தில் செய்வது. லோமோ சல்தாதோ மாட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, சோயா சாஸ் சேர்த்து வாணலியில் புரட்டுவது. 1849 முதல் பெருவுக்குப் போன சீனத் தொழிலாளர்களின் சமையல் அதில் இருக்கிறது. கோழியில் செய்து தருவார்களா என்று கேட்கலாம். அஹி தே கயீனா நம் குருமாவுக்குப் பக்கத்தில் வரும்: பிய்த்த கோழி, பாலில் ஊறிய ரொட்டி, கொட்டைப் பருப்பு, மஞ்சள் மிளகாய் விழுது. கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். சைவர்களுக்கு கவுசா பொருத்தம். மசித்த உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து குளிரவைத்த அடுக்கு அது. உள்ளே சூரை மீனோ கோழியோ வைப்பார்கள், அவகாடோ மட்டும் வைக்கச் சொல்லுங்கள். மயோனைஸ் சேர்வதால் முட்டை வேண்டாம் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். செவிச்சேயில் ஊற்றும் சாற்றில் மீன் சாறு கலந்திருக்கும் என்பதால், காளான் போட்ட செவிச்சே என்றாலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

அந்த மஞ்சள் மிளகாயின் பெயர் அஹி அமரியோ. காரத்தைவிட அதன் பழ வாசனைதான் முக்கியம், அதனால் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் கலந்து ஈடு செய்ய முடியாது. புட்டி விழுதாக இணையத்தில் வாங்கலாம். திறந்தபின் ஐஸ் தட்டில் ஒரு கரண்டி வீதம் ஊற்றி உறையவைத்தால் வீணாகாது.

வீட்டில் செவிச்சே செய்ய, ஈரச்சந்தை மீனை வாங்காதீர்கள். கொடுவா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது சமைத்துச் சாப்பிட வைத்திருக்கும் மீன். எலுமிச்சை மீனின் நிறத்தை மாற்றும், கிருமியை முழுதாகக் கொல்லாது. 2015இல் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள் பலர் நோயுற்றதால், உணவுக்கடைகளில் அதைப் பச்சையாகப் பரிமாற இங்கே தடை வந்தது. ஜப்பானியப் பல்பொருள் அங்காடியில் சஷிமிக்கென்று, அதாவது பச்சையாகச் சாப்பிடவென்று, விற்கும் கடல்மீன் 300 கிராம் வாங்கி, அன்றே செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் வேண்டாம்.

பாதிப் பெரிய வெங்காயத்தை முடிபோல் மெல்லியதாக அரிந்து ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடியுங்கள். இல்லாவிட்டால் அதன் காட்டம் மீனை மூடிவிடும். மீனை இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, முதலில் ஒரு தேக்கரண்டி உப்பு மட்டும் போட்டுப் பிசறுங்கள். எட்டுப் பத்து எலுமிச்சையை மெதுவாகப் பாதிவரை பிழியுங்கள். தோல் நசுங்கும்வரை பிழிந்தால் கசக்கும், செவிச்சே கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை வேண்டாம், ஆரஞ்சு வாசனை தூக்கலாகிவிடும். ஒரு சில்லி பாடி (காரமான குட்டி மிளகாய்), மல்லித்தழை, இரண்டு ஐஸ் கட்டி போட்டுக் கிளறுங்கள். ஐஸ் புளிப்பைத் தணிக்கும், மீனையும் குளிர்ச்சியாக வைக்கும். ஐந்து நிமிடத்தில் ஐஸை எடுத்துவிட்டு வெங்காயம் தூவி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோடு பரிமாறுங்கள். சோளம் வைப்பதென்றால் இனிப்புச் சோளத்தைவிட பசைபோல் ஒட்டும் வெள்ளைச் சோளம் நன்றாக இருக்கும், பெரு சோளத்தில் அத்தனை இனிப்பு கிடையாது.

அடியில் தங்கும் வெண்சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். அதற்கு லேச்சே தே தீக்ரே, அதாவது புலிப்பால், என்று பெயர். சின்னக் கிளாஸில் ஊற்றி, சில்லென்று இருக்கும்போதே குடித்துவிடுவார்கள்.